வழுவும் வழாநிலையும்: தமிழ் மென்பொருட் சோதனை குறித்துச் சிங்கப்பூரை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மென்பொருள் ஒன்றைப் பயனரிடம் ஒப்படைக்கும் முன்னர், அது வேண்டியவாறு இயங்குகின்றதா என ஆராய்ந்தறியும் முறைகளின் தொகுதியே மென்பொருட் சோதனை எனப்படும். சோதனை என்றவுடன் நிரல் சரியாக உள்ளது என நிறுவுவதே அதன் நோக்கம் என்று பலரும் கருதுவர். கிளென்ஃபோர்டு மையர்ஸ் 1979-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்து, பிழை காணும் நோக்குடன் நிரலை இயக்கிப் பார்ப்பதே சோதனை என வரையறுத்தார். டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, சோதனையால் வழு இருப்பதைக் காட்டலாமே ஒழிய வழு இல்லை என்பதை ஒருபோதும் காட்ட இயலாது என எடுத்துரைத்திருந்தார். இவ்விரு கருத்துகளும் இத்துறையின் அடித்தளம் எனலாம்.

இக்கட்டுரை அத்துறையின் கலைச்சொற்கள் அனைத்தையும் பட்டியலிட முற்படவில்லை. ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மென்பொருள் ஒன்று தமிழைக் கையாளும்போது, அது சரியாகக் கையாளுகிறது என்பதை யார், எதைக் கொண்டு முடிவு செய்வது? இவ்வினாவுக்குச் சிங்கப்பூர் தக்க களமாக அமைகின்றது. அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக ஏற்கிறது. லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை தொடங்கி அரசு அறிவிப்புகள் வரை, நான்கு மொழிகளும் அருகருகே நிற்கும் காட்சி அங்கு இயல்பானது. அவ்வெழுத்துகளில் பெரும்பாலானவை இன்று ஏதேனும் ஒரு மென்பொருளின் வழியே வருகின்றன என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

வழு என்னும் சொல்

கணினித் துறையில் பிழையைக் குறிக்கப் ‘பக்’, அதாவது பூச்சி, என்னும் சொல் வழங்குகிறது. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் பாகம் ஒன்றில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. எனினும் அச்சொல் அதற்கு முன்பே பொறியாளரிடையே வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் எடிசனே அதனைப் பயன்படுத்தியுள்ளார்.

தமிழ்க் கணினியாளர் இதற்கு ‘வழு’ என்னும் சொல்லைத் தேர்ந்தனர். இத்தேர்வு நாம் நினைப்பதைக் காட்டிலும் ஆழமானது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், சொற்கள் வழுவாமல் தொடரும் முறையைப் பேசுகிறது. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நேரும் என வகுக்கிறது. வழுவின்றி அமைவது வழாநிலை. வழுவாயினும் காரணம் கருதி ஏற்கப்படுவது வழுவமைதி. மென்பொருட் சோதனைப் பதிவேடுகளிலும் ஏறத்தாழ இம்மூன்று நிலைகளே காணப்படுகின்றன: திருத்த வேண்டியது, சரியானது, தெரிந்தே விட்டுவைக்கப்பட்டது.

இவ்வொப்புமை வெறும் அழகுக்கானது அன்று. சோதனைக் கூறு ஒவ்வொன்றும் இரு பகுதிகளால் ஆனது. ஒன்று, நிரலுக்குத் தரும் உள்ளீடு. மற்றொன்று, அதற்கு எதிர்பார்க்கும் விளைவு. உள்ளீட்டை யாரும் எழுதிவிடலாம். எதிர்பார்க்கும் விளைவு எங்கிருந்து வரும்? அவ்விளைவைச் சொல்லும் மூலத்தைச் சோதனையியலார் ‘ஆரக்கிள்’ என்பர்; பண்டைக் கிரேக்கக் கோயில்களில் குறி சொன்னோரைக் குறித்த சொல் அது. நாம் இங்கு அதனை அளவுகோல் என்போம். கூட்டல் கணக்குச் செய்யும் நிரலுக்குக் கணிதம் அளவுகோல். தமிழ் எழுதும் நிரலுக்குத் தமிழ் இலக்கணமும் தமிழ் வழக்குமே அளவுகோல்.

அளவுகோல் இல்லாத காலம்

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் கொண்ட இணையத்தளம் ஒன்றை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் இடம்பெற்ற தமிழ்ப் பக்கங்கள் இணையத்தில் தமிழ் தோன்றிய முதற் பக்கங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. அவற்றைச் சாத்தியமாக்கியவர் சிறுகதை ஆசிரியரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி (1946–1999). சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீயுடன் இணைந்து அவர் இப்பணியில் ஈடுபட்டார். அவர் உருவாக்கிய தமிழ்க் கணினி முறைக்குக் ‘கணியன்’ எனப் பெயரிட்டார்.

அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்டிருந்தது. ஒருவர் கணினியில் ‘வணக்கம்’ எனத் தோன்றிய கோப்பு, அதே எழுத்துரு இல்லாத மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இங்குச் சோதனையியல் நோக்கில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாம் கணினி தவறு செய்தது என்று சொல்ல வழியில்லை. அதற்குத் தரப்பட்ட எண்களை அது தான் அறிந்த முறைப்படி சரியாகவே காட்டியது. பொதுத் தரம் இல்லாதபோது வழு என்பதும் இல்லை. ஒவ்வாமை மட்டுமே உண்டு.

1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் 97 கருத்தரங்கு இச்சிக்கலை முதன்மைப் பொருளாகக் கொண்டது. 1999-இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டேம், டேப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின்போது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் உருவெடுத்தது. கோவிந்தசாமி அதனைக் காணவில்லை. அவர் 1999 மே மாதத்திலேயே மறைந்தார். இவற்றுக்கு இணையாக, 1991-இல் ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஒதுக்கீடு தமிழ் மரபை அன்றி இந்திய மொழிகளுக்கான ஐஸ்கி வரிசையைப் பின்பற்றியது என்னும் குறை இன்றளவும் பேசப்படுகிறது. அதன் நன்மை தீமை எவ்வாறாயினும், இன்று ஒருங்குறியே பொதுத் தரம். தரம் வந்தது, அதனோடு வழு என்று சுட்டும் வாய்ப்பும் வந்தது.

எழுத்து எத்தனை?

சோதனை முறைகளுள் எல்லை மதிப்புச் சோதனை எளியது. ஆயினும் பெரும்பயன் தருவது. ஒரு கட்டத்தில் 10 எழுத்துகள் வரை ஏற்கலாம் என்றால் 9, 10, 11 எழுத்துகளைத் தந்து பார்க்க வேண்டும். வழுக்கள் பெரும்பாலும் எல்லையோரத்தில்தான் ஒளிந்திருக்கும். ஆங்கிலத்தில் இச்சோதனையைச் செய்வதில் ஐயம் எழாது. தமிழில் முதல் அடியிலேயே ஐயம் எழுகிறது.

‘சிங்கப்பூர்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சி, ங், க, ப், பூ, ர் எனத் தமிழ் மாணவர் 6 எழுத்து என்பார். ஒருங்குறியோ ‘சி’ என்பதைச் சகரம், இகரக் குறி என இரண்டாகவும், ‘ங்’ என்பதை ஙகரம், புள்ளி என இரண்டாகவும் சேமிக்கிறது. அவ்வாறு எண்ணினால் 11 குறிகள். இணையத்தில் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு பெறும். ஆகவே 33 பைட்டு. ஒரே சொல்லுக்கு 6, 11, 33 என மூன்று நீளங்கள். நிரலர் எதனை எண்ணினார் என்பதைப் பொறுத்து வழுவின் தோற்றமும் மாறும்.

கட்டம் 32 பைட்டில் வெட்டினால் இறுதியில் வினாக்குறி பொதிந்த கரிய சாய்சதுரம் தோன்றும். தமிழறியாதவரும் இதனைப் பிழை எனக் கண்டுகொள்வர். கட்டம் 10 குறிகளில் வெட்டினால் ‘சிங்கப்பூர’ எனத் தோன்றும். இறுதிப் புள்ளி மட்டும் போயிற்று. தமிழறியாத சோதனையாளர் கண்ணுக்கு இது குறையற்ற சொல். 8 குறிகளில் வெட்டினால் ‘சிங்கப்ப’. அதுவும் அவருக்கு நல்ல தமிழே. வழு நுண்ணியதாகுந்தோறும் அதனைக் காணத் தக்கவர் தொகை குறைகிறது என்பதை இங்கு மனத்தில் இருத்திக்கொள்வோம்; பின்னர் இதற்கே மீண்டும் வருவோம்.

குறுஞ்செய்தியிலும் இதே கணக்கு உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். ஒருங்குறியில் அமைந்த செய்தியில் 70 குறிகளே அடங்கும். ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்னும் வாழ்த்து நம் கணக்கில் 15 எழுத்தும் 2 இடைவெளியும். குறிகளாக எண்ணினால் 27. ஆகவே ஒரு செய்திக்கு ஏறத்தாழ 40 தமிழ் எழுத்துகளே கிடைத்தன. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமாகித் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் வழியைத் திறந்தபோது, இத்தகைய சிறிய இடத்துக்குள் தமிழை அடக்குவதே பெரும் பொறியியற் சிக்கலாக இருந்திருக்கும் என எளிதில் உணரலாம்.

எழுத்தை எழுத்தாக எண்ணித் தரும் நிரல்தொகுப்புகள் இன்று உள்ளன. பைத்தான் மொழியில் அமைந்த ஓப்பன்-தமிழ் அவற்றுள் ஒன்று. அதன் மூல நிரலோடு அதற்கான சோதனைக் கூறுகளும் திறந்தநிலையில் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் மாணவர் ஒருவர் நிரலாக்கம் அறியாவிடினும் அக்கூறுகளைப் படித்துப் பார்க்கலாம். தொல்காப்பிய நூன்மரபைப் பயின்றவருக்கு அவை அந்நியமாகத் தோன்றா.

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு

சமானப் பகுப்பு என்பது மற்றொரு முறை. எல்லா உள்ளீடுகளையும் சோதித்தல் இயலாது ஆதலின், ஒரே தன்மையுடையவற்றை ஒரு வகுப்பாக்கி, வகுப்புக்கு ஒன்றிரண்டை மட்டும் சோதிப்பர். வகுப்புகளைச் சரியாகப் பிரிப்பதிலேயே சோதனையாளரின் திறம் உள்ளது. தமிழில் சில வகுப்புகள் தமிழறிந்தார்க்கே புலப்படும்.

‘கொ’ என்பதை இருவகையில் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமம் என அறிவித்திருப்பதால், இயல்பாக்கம் என்னும் செயலைச் செய்யும் நிரல் இவற்றை ஒன்றாகக் காணும். செய்யாத நிரல் வெவ்வேறாகக் காணும். ‘ஔவை’யின் நிலை வேறு. ஔகாரத்துக்குத் தனிக் குறி இருந்தும், பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என எழுதுகின்றனர். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு முற்றிலும் வேறு. இயல்பாக்கமும் இதனைத் தீர்க்காது, ஏனெனில் தரத்தின்படி இவை சமம் அல்ல. நூலகப் பட்டியலில் ஒரு வடிவத்தில் தேடுவோர்க்கு மற்றொரு வடிவத்தில் பதிவான நூல் கிடைக்காமல் போகும். நூல் இருந்தும் இல்லாததாகும்.

சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தின் பெயரே இவ்வகையில் நல்லதொரு சோதனைக் கூறு. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்து நெடுங்காலம் ஸகரத்தை முதலாகக் கொண்டு உள்ளிடப்பட்டது. 2005-இல் ஒருங்குறியில் ‘ஶ’ என்னும் எழுத்து சேர்க்கப்பட்டபின், அதனை முதலாகக் கொண்டும் அதே வடிவத்தைப் பெற முடிந்தது. எழுதுகருவிக்கு எழுதுகருவி இது மாறுபடுகிறது. நிலப்படச் செயலியில் கோயிலைத் தேடும் பக்தர் எந்த விசைப்பலகையைப் பயன்படுத்துகிறார் என்பது கோயில் கிடைக்குமா என்பதை முடிவு செய்யக்கூடும். இவ்விரு வடிவங்களையும் இரு வகுப்புகளாகப் பிரிக்காத சோதனைத் திட்டம் இவ்வழுவை ஒருநாளும் காணாது.

அகரவரிசையில் வரும் இடர்

மயில், மரம், மலர், மழை, மளிகை, மறை, மனை. இவ்வேழு சொற்களும் அகராதி வரிசையில் உள்ளன. குறியெண் வரிசையில் மட்டும் அடுக்கும் நிரல் இவற்றை மனை, மயில், மரம், மறை, மலர், மளிகை, மழை என மாற்றி அடுக்கும். ஐஸ்கி வரிசையைப் பின்பற்றியதால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இடம்பெற்றமையே இதற்குக் காரணம். புள்ளியின் இடமும் மாறும். அகராதியில் கல், கல்வி, கலம், கலை என வருபவை, குறியெண் வரிசையில் கலம், கலை, கல், கல்வி என வரும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரவேண்டும் என்னும் மரபு தலைகீழாகிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. தமிழ் அகரவரிசைக்கான விதிகள் ஒருங்குறிக் கூட்டமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுதியில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை அழைக்க நிரலர் நினைவுகொள்ள வேண்டும், அவ்வளவே. மேற்கண்ட பதினொரு சொற்களையும் இரு சோதனைக் கூறுகளாக எழுதிக் கொடுக்க ஒரு தமிழாசிரியருக்குச் சில நிமிடங்கள் போதும். நிரலர்க்கோ எந்தப் பதினொரு சொற்கள் என்பதே தெரியாது.

பெயருக்கான கட்டம்

இது தமிழெழுத்தைப் பற்றியதன்று; தமிழரைப் பற்றியது. சிங்கப்பூர் இந்தியர் பலரின் அதிகாரத்துவப் பெயரில் மகன், மகள் எனப் பொருள்படும் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்னும் ஆங்கிலச் சுருக்கங்கள் சாய்கோட்டுடன் இடம்பெறுகின்றன. அதனைத் தொடர்வது தந்தையின் பெயர். குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. இணையப் படிவங்கள் பல சாய்கோட்டை ஏற்பதில்லை. தீய நிரல்வரிகள் உள்ளே நுழையாதிருக்கச் சில குறிகளைத் தடுப்பது வழக்கம். அத்தடையில் சாய்கோடும் சிக்கிக்கொள்கிறது. அடையாள அட்டையில் உள்ளவாறே பெயரை எழுதுக எனக் கேட்கும் படிவமே, அவ்வாறு எழுதியவுடன் ‘செல்லாத பெயர்’ எனச் சிவப்பு எழுத்தில் காட்டும். எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், இவ்வாறு மறுத்த ஒரு படிவத்தின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்து, இறுதியில் தம் தந்தையின் பெயரை நீக்கிவிட்டு அனுப்பினார். பின்னர் ஆவணப் பெயரும் படிவப் பெயரும் பொருந்தவில்லை எனக் கடிதம் வந்தது.

இங்குக் குற்றம் நிரலருடையது என்று மட்டும் சொல்ல இயலாது. டான், லிம், லீ என்னும் பெயர்களைக் கொண்டு சோதித்தவருக்கு எல்லாக் கூறுகளும் வெற்றி பெற்றிருக்கும். நிரலின் உள்ளமைப்பைப் பார்த்துச் சோதிக்கும் வெண்பெட்டிச் சோதனையிலும், உள்ளமைப்பைப் பாராமல் உள்ளீடு வெளியீடு மட்டும் நோக்கும் கரும்பெட்டிச் சோதனையிலும் இவ்வழு தப்பிவிடும். நிரல் தன் விவரக்குறிப்புக்கு ஒத்து இயங்குகிறதா என்பது சரிபார்ப்பு. அவ்விவரக்குறிப்பே பயனரின் தேவைக்கு ஒத்ததா என்பது செல்லுபடி காணல். மேற்கண்ட படிவம் முதலாவதில் தேறியது, இரண்டாவதில் தவறியது.

யார் கண்ணுக்குத் தெரியும்?

முன்னர்க் குறித்த செய்திக்கு வருவோம். தமிழ் மென்பொருளில் தோன்றும் வழுக்களை, அவற்றைக் காண எவ்வளவு தமிழ் தேவை என்பதைக் கொண்டு வகைப்படுத்தலாம் என்பது என் கருத்து. எழுத்துக்கு மாறாகக் கட்டங்களும் வினாக்குறிகளும் தோன்றினால் யாரும் காண்பர். அதற்கடுத்தது எழுத்துக் குலைவு. ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககரத்துக்குப் பின்னரே கொம்பு வருமாறு சேமிக்கப்படுகிறது; திரையில் காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது எழுத்து வடிவாக்கப் பொறியின் கடமை. சில வரைகலை மென்பொருள்கள் உரிய அமைப்பைத் தேர்ந்தாலன்றி இதனைச் செய்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் பிழையின்றி அனுப்பிய வாசகம், வடிவமைப்பாளரின் கணினியில் ஒட்டப்பட்ட கணத்தில் கொம்புகள் இடம்மாறியும் புள்ளிகள் விலகியும் நிற்கும். இதனைக் காண எழுத்தறிவு வேண்டும்.

2017-இல் சிங்கப்பூர்த் தேசிய தின அணிவகுப்பையொட்டி வெளியான துண்டறிக்கையில் தமிழ் வாசகத்தின் எழுத்துகள் குலைந்து அச்சாயின. ஏற்பாட்டாளர் மன்னிப்புக் கோரினர். அச்சுக்குச் செல்லும் முன் தமிழ் எழுத்தறிந்த ஒருவர் இறுதி வடிவத்தை ஒரு முறை பார்த்திருந்தால் போதும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

மூன்றாவது வகை, எழுத்து முறையாக இருந்தும் சொல் பிழையாவது. லாவ் பா சாட் என்பது பழைய சந்தை எனப் பொருள்படும் ஹொக்கியன் பெயர். 2014-இல் அதன் வழிகாட்டிப் பலகையின் தமிழ் வடிவத்தில், இறுதிச் சொல்லைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாகக் கொண்டு ‘சனி’ என எழுதிவிட்டனர். புள்ளியும் கொம்பும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் தமிழர்க்குச் சனி என்பது கிழமை மட்டுமன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் அரசு தேசிய மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்தது.

நான்காவது வகை மேலும் நுண்ணியது. சொல்லும் சரி, தொடரும் சரி. இடம் மட்டும் பொருந்தாது. ‘பிராவிடண்ட் ஃபண்ட்’ என்பதை இந்தியத் தமிழ் உரைகளில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பு நிரல் ‘வருங்கால வைப்பு நிதி’ எனத் தரலாம். தமிழ்நாட்டில் அது முற்றிலும் சரி. சிங்கப்பூரிலோ அது மத்திய சேம நிதி. வீடு என்றால் வீவக. ரயில் என்றால் பெருவிரைவு ரயில். 2022-இல் தொடங்கிய ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்’ என்னும் இணையவாசல், உள்ளூர் வழக்குக்கு ஏற்ற மொழிபெயர்ப்பைத் தரவும் அதனைப் பொதுமக்கள் துணையுடன் செம்மைப்படுத்தவும் முயல்வது இக்காரணம் பற்றியே.

கருவிகள் செய்வதும் செய்யாததும்

சிறு அலகுகளைத் தனித்தனியே சோதித்தல், அவற்றை இணைத்துச் சோதித்தல், முழு முறைமையையும் சோதித்தல், இறுதியாகப் பயனர் ஏற்புச் சோதனை என நான்கு படிகள் கூறுவர். முதற் படிக்குக் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-இல் உருவாக்கிய ஜேயூனிட் முன்மாதிரியானது. இணையப் பக்கங்களை மனிதரைப் போலச் சொடுக்கிச் சோதிக்கும் செலினியம் என்னும் கருவியை ஜேசன் ஹக்கின்ஸ் 2004-இல் தொடங்கினார். அக்காலத்தில் இத்துறையில் ஓங்கியிருந்த மெர்க்குரி நிறுவனத்தை மனத்தில் வைத்து, பாதரச நஞ்சுக்கு முறிவு செலினியம் என்னும் வேடிக்கையிலிருந்து அப்பெயர் பிறந்ததாம். வழுக்களைப் பதிவு செய்யும் பக்ஸில்லா 1998 முதல் புழக்கத்தில் உள்ளது.

இக்கருவிகளின் பெரும்பயன் பின்னடைவுச் சோதனையில் உள்ளது. ஒரு வழுவைத் திருத்தும்போது முன்பு சரியாக இருந்த வேறொன்று கெட்டுவிடுதல் இயல்பு. பழைய சோதனைக் கூறுகள் அனைத்தையும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சலிப்பின்றி மீண்டும் ஓட்டுவதற்கு மனிதரைவிடக் கருவியே ஏற்றது. எனினும் தமிழைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை வேண்டும். செலினியம் போன்ற கருவி பக்கத்தில் உள்ள சரத்தைப் படித்து எதிர்பார்த்த சரத்தோடு ஒப்பிடும். சேமிக்கப்பட்ட குறிகள் சரியாக இருந்தால் ‘தேறியது’ எனப் பச்சை விளக்குக் காட்டும். அக்குறிகள் திரையில் கொம்பு மாறித் தோன்றினாலும், பொத்தானின் உயரம் போதாமல் மேலுள்ள புள்ளி வெட்டுண்டாலும், அதற்குத் தெரியாது. திரைப்படத்தை எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடும் கருவிகளும் உண்டு. அவற்றுக்கும் முதற் படம் சரி என ஒருவர் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் தமிழ் அறியாதவராயின், அன்று முதல் பிழையே அளவுகோலாகிவிடும். பின்னாளில் யாரேனும் அதனைத் திருத்தினால் கருவி திருத்தத்தையே வழு எனக் கூறும்.

விழுக்காடும் இடரும்

சோதனைக்கான காலமும் பொருளும் எப்போதும் குறைவே. ஆகவே எதனை முதலில் சோதிப்பது என முடிவு செய்ய இடர்சார் சோதனை என்னும் முறையைக் கையாளுவர். வழு நேரும் வாய்ப்பையும் நேர்ந்தால் விளையும் கேட்டையும் பெருக்கி, மிகுந்த மதிப்புடையதை முன்னே வைப்பர். நடைமுறையில் கேட்டின் அளவைப் பயனர் தொகையைக் கொண்டே பலரும் மதிப்பிடுகின்றனர். சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், 2010-இல் இது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக இருந்தது. இவ்வெண்ணை மட்டும் நோக்கும் திட்டமேலாளர் தமிழ்ப் பக்கங்களைச் சோதனை வரிசையின் இறுதியில் வைப்பார். காலம் போதாதபோது முதலில் விடுபடுவது வரிசையின் இறுதியே.

ஆனால் அவ்விழுக்காட்டில் அடங்காதோர் உளர். குடியிருப்பாளர் என்னும் வரையறைக்குள் வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரியும் வெளிநாட்டுத் தொழிலாளர் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவிலும் கேம்பல் லேனிலும் கைப்பேசியோடு நிற்கும் தமிழ்நாட்டு இளைஞர் பலர்க்குத் தமிழ்ப் பக்கம் ஒரு மரியாதை அடையாளம் அன்று. அவர்கள் படிக்கக்கூடிய பக்கம் அதுவே. 2020-இல் தொழிலாளர் தங்குவிடுதிகளில் கோவிட் பரவியபோது, நோய் அறிகுறி, தனிமைப்படுத்தல், ஊதியம் ஆகியவை பற்றிய செய்திகளை அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லவேண்டிய கட்டாயம் எழுந்தது. தொகை சிறிதாயினும், ஒருவருக்கு நேரும் கேடு பெரிதாயின் பெருக்கற்பலன் பெரிதே. இடர்க் கணக்கின் இரண்டாம் காரணியைப் பயனர் தொகையால் நிரப்புவது அம்முறையையே தவறாகக் கையாளுவதாகும்.

விடை ஒன்றல்லாத தேர்வு

இதுகாறும் கண்ட சோதனைகளில் எதிர்பார்க்கும் விளைவு ஒன்றே. அகரவரிசைக்கு ஒரு விடை. எழுத்தெண்ணிக்கைக்கு ஒரு விடை. பெரு மொழி மாதிரிகளின் வருகையால் இந்நிலை மாறியுள்ளது. ஒரு வினாவுக்குப் பல விடைகள் சரியாகலாம். அதே வினாவுக்கு நிரல் நாளை வேறு விடை தரலாம். ஏஐ சிங்கப்பூர் அமைப்பினர் 2023-இல் வெளியிட்ட ‘பாசா’ என்னும் மதிப்பீட்டுத் தொகுதி இந்தோனேசியம், வியட்நாமியம், தாய், தமிழ் ஆகிய மொழிகளில் இத்தகைய மாதிரிகளைச் சோதிக்க முற்பட்டது. மொழியியல் நோக்கில் கையால் ஆக்கப்பட்ட கூறுகளும் அதில் உண்டு என்பது தமிழ்த் துறையினர் கவனிக்கத்தக்கது. இலக்கணம் பயின்றோர் எழுதித் தரவேண்டிய கூறுகள் இவை; பொறியாளர் தாமே எழுதிக்கொள்ள இயலாதவை.

இலக்கணத் திருத்தி ஒன்றுக்குப் பின்வரும் கூறு தரப்படுவதாகக் கொள்வோம். வீட்டுக்குத் திரும்பிய பசுவைக் கண்டு மகிழ்ந்த ஒருவர் ‘என் அம்மை வந்தாள்’ என்கிறார். பசு அஃறிணை, வினையோ உயர்திணைப் பெண்பால். திணை வழு எனத் திருத்தி அடிக்கோடிட்டால் நிரல் விதியைக் காத்தது; தமிழைத் தவறவிட்டது. அடிக்கோடிடாமல் விட்டால், உவப்பை உணர்ந்து விட்டதா, வழுவையே காணாமல் விட்டதா என்பது நமக்குத் தெரியாது. ஆகவே, உவப்புக்கு இடமில்லாத சூழலில் அமைந்த ‘அந்தப் பசு புல் மேய்ந்தாள்’ என்னும் தொடரையும் இணைக் கூறாகத் தரவேண்டும். முதலாவதை விட்டு இரண்டாவதைச் சுட்டும் நிரலே தேறியது. விடைத்தாளில் இதற்கெனச் ‘சரி’, ‘தவறு’ என்னும் இரு கட்டங்களோடு ‘வழுவமைதி’ என மூன்றாவது கட்டம் ஒன்றும் வரைய வேண்டியிருக்கும்.